தங்கவயல்: தீர்ந்த செல்வமும் தீராத கணக்கும்



வயலில் அறுத்த இடத்தில் மறுபோகம் விளையும். சுரங்கத்தில் வெட்டியெடுத்த கல் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே சுரங்கத்தை நம்பி எழும் ஊர், தன் முடிவைத் தொடக்க நாளிலேயே உடன்கொண்டு பிறக்கிறது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலை இக்கண்ணோட்டத்தில் பார்க்க விரும்புகிறேன்.

அங்கே முன்னோர் தோண்டிய பழங்குழிகள் இருந்தன. 1802-இல் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி அவற்றைப் பற்றி ஆராய்ந்தார். 1870-களில் லாவெல் என்ற முன்னாள் போர்வீரர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்த பின்னரே தொழில் நிலைபெற்றது. சிவசமுத்திரத்தில் பிறந்த காவிரி மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து 1902-இல் சுரங்கங்களை அடைந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது 1905-இல்தான்! எவருக்கு முதலிடம் என்பதை இவ்விரு ஆண்டுகளே கூறிவிடுகின்றன.

சுரங்கத்தில் இறங்கியோருள் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களிலும் பலர் நிலமற்ற ஆதிதிராவிடர். ஊரில் மறுக்கப்பட்ட ரொக்கக் கூலி இங்கே கிடைத்தது. அதனுடன் வேறொன்றும் கிடைத்தது என்பதை நம் பொருளாதார நூல்கள் கருதுவதில்லை. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் தோன்றிற்று. அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பின் 1920-களில் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. கூலிக்கு வந்தவர்கள் படிக்கவும், வாதிடவும், அச்சிடவும் முற்பட்டனர்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். பாறை அழுத்தம் தாளாது திடீரெனச் சிதறும்போது, மேலேயுள்ள வீடுகளும் நடுங்கும். கல்தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ், பணி ஓய்வு பெற்ற பின்னரும் உடலை விட்டு நீங்காது.

1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின; 1962-இல் மத்திய அரசிடம் வந்தன; 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. நாட்டுடைமையான காலத்திலேயே வளமான கல் பெரும்பகுதி தீர்ந்திருந்தது. தொடக்கத்தில் டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் தந்த பாறை, இறுதியில் சில கிராமே தந்தது. ஆழம் கூடக்கூடக் குளிர்காற்றுக்கும் நீரிறைப்பிற்கும் செலவு ஏறிற்று. மேலும், 1960-களில் வெட்டிய தங்கம் அவுன்சுக்கு 35 டாலர் என்ற பன்னாட்டு அதிகாரபூர்வ விலையில் அரசிடம் சென்றது. உள்நாட்டுச் சந்தை விலை அதனினும் மிகுதி. ஆகவே ‘நட்டம்’ என்று ஏட்டில் எழுதப்பட்டதில் ஒரு பங்கு, விலை நிர்ணயத்தால் விளைந்தது. அரசு அலுவலில் முடி நரைத்த நான் இதைத் தயக்கத்துடனேயே சொல்கிறேன்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுமார் 120 ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்கு மேற்பட்ட தங்கம் கிடைத்திருந்தது. அதில் ஆண்டுதோறும் ஒரு சிறுபகுதியையேனும் மாற்றுத் தொழிலுக்கென ஒதுக்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? 1964-இல் தோன்றிய பெமல் தொழிற்சாலை பலருக்கு வாழ்வளித்தது. எனினும் ஒரு தொழிற்சாலை ஒரு நகரையே தாங்க இயலாது.

பொன் பிரித்த பின் எஞ்சிய தூளோ, ‘சயனைடு மேடு’ என்ற பெயரில் ஊரருகே மலைபோல் நிற்கிறது. கோடைக்காற்றில் அத்தூள் வீடுகளுக்குள் புகும். அம்மேட்டிற்கு எந்தக் கணக்கேட்டிலும் செலவுப் பத்தி இருந்ததில்லை. இன்று மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் இரயில்கள் நிரம்பி வழிகின்றன. சுரங்கத் தொழிலாளரின் மக்களும் பேரரும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.