ஊக்கமும் கட்டாயமும்

சூரிய மின் தகடுகளின் கீழுள்ள நிலத்தைச் சல்லியிட்டு மூடுவது பல இடங்களில் வழக்கம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2016ஆம் ஆண்டில் வேறு வழி கண்டது. தம் நிலையம் தேனீக்கும் பறவைக்கும் நன்மை பயப்பது என உரிமை கோருவோர், அரசு வகுத்த தாவர அளவுகோலை நிறைவு செய்தல் வேண்டும். மற்றவர்க்குக் கட்டாயமில்லை. அங்கு நாட்டுப் புல்லும் மலர்ச்செடியும் விதைக்கப்பெற்ற இரு நிலையங்களை 2018 முதல் 2022 வரை ஆய்ந்தபோது, நாட்டுத் தேனீக்கள் ஏறத்தாழ 20 மடங்கு பெருகியிருந்தன.

உணவுக் கழிவு குப்பைமேட்டில் அழுகினால் மீத்தேன் வாயு எழும். எருவானால் மண் வளம் பெறும். எனவே வெர்மான்ட் மாநிலம் 2012இல் சட்டம் இயற்றி, பெரு நிறுவனங்களில் தொடங்கி, 2020 ஜூலையில் இல்லங்களுக்கும் அதனைக் கட்டாயமாக்கிற்று.

நிலத்தின் பயன் உடையவரின் விருப்பத்தைச் சார்ந்தது. கழிவின் தீங்கோ ஊர் முழுவதையும் சாரும். எதற்கு ஊக்கம், எதற்குக் கட்டாயம் எனத் தேர்வதே திட்டமிடுவோரின் முதற்கடமை.