நல்ல தண்ணியும் புழங்குற தண்ணியும்

(அல்லிநகரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் கூட்டமைப்புக்குச் சொந்தக் கட்டடம் கட்டலாம் என்று பேசி வருகிறோம். அதைப் பசுமைக் கட்டடமாகக் கட்ட முடியுமா என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டீர்கள். பசுமைக் கட்டடம் என்றால் பச்சைப் பெயின்ட் அடித்தது இல்லை. கரண்டையும் தண்ணியையும் சிக்கனமாகச் செலவழிக்கிற கட்டடம். அதைச் சோதித்துச் சான்று தர இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில் 2001 முதல் இயங்குகிறது. அமெரிக்காவில் உருவான 'லீட்' என்ற சான்றும் உண்டு.

சான்று தருபவர்கள் பார்க்கிற விஷயங்களில் ஒன்று, கக்கூஸுக்கும் செடிக்கும் குடிதண்ணீரைச் செலவழிக்கிறோமா என்பது. நாம் நல்ல தண்ணிக் குடத்தைத் தூக்கி வாசல் தெளிப்பதில்லை. ஆனால் கட்டடம் என்று வந்தால் ஒரே டேங்க், ஒரே பைப். நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். அதில் 45 லிட்டர் கக்கூஸுக்கே போகிறது. மூன்றில் ஒரு பங்கு!

"அதுக்கென்ன, ஒரு போர் போட்டு உப்புத் தண்ணி எடுத்துக்கலாமே" என்று கேட்பீர்கள். லீட் கணக்கில் போர்வெல், கிணறு, ஆற்றுத் தண்ணீர் எதுவும் மாற்று நீராகச் சேராது. ஏன்? போர்வெல் தண்ணீர் ஊர்ப் பொதுநிதி மாதிரி. நாம் ஆழமாகப் போட்டு இழுத்தால் பக்கத்துத் தெருக் கிணறு வற்றும். அங்கே குடத்தோடு அலையப் போவதும் ஒரு பெண்தான்.

கணக்கில் சேருவது எது? முதலாவது மழைநீர். 1000 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் விழும். 15 லிட்டர் குடத்தில் 60 குடம்! கொஞ்சம் வீணாகும், மீதியைப் பிடிக்கலாம். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது.

இரண்டாவது, குளித்த, கை கழுவிய தண்ணீர். இது நம் உள்கடன் மாதிரி. ஒரே ரூபாய் நாலு பேருக்குச் சுழல்வதுபோல ஒரே தண்ணீர் இரண்டு வேலை பார்க்கிறது. ஐதராபாத்தில் 2004-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்த பசுமை வணிக மையத்தில், கழிவுநீரைச் செடி வேர்கள் வழியே சுத்தம் செய்து தோட்டத்துக்கு விடுகிறார்கள். அந்தக் கட்டடம் லீட் சான்றின் உயர்ந்த நிலையான பிளாட்டினம் பெற்றது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்கள் 2019 முதல் சாக்கடை நீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தருகின்றன. ஒவ்வொன்றின் திறனும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஜல்லி, மணல் போட்ட தொட்டியில் கல்வாழை நட்டு, கை கழுவும் தண்ணீரை அதன் வழியே விட்டாலே தோட்டத்துக்கு ஆகும்.

ஆனால் கவனம் வேண்டும். இந்தத் தண்ணீரைத் தேக்கி வைத்தால் நாறும், கொசு வரும். அன்றன்றைக்கு விட்டுவிட வேண்டும். பச்சையாகத் தின்கிற கீரை, காய்க்கு விடக் கூடாது. சிமென்ட் கலக்கவும் சோப்புத் தண்ணி ஆகாது. பைப்புக்கு வேறு நிறம் அடித்து, "குடிக்கக் கூடாது" என்று எழுதி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படமும் வரைய வேண்டும். பிள்ளைகள் வந்து போகிற இடம் இது.

சான்று வாங்கக் கட்டணம் உண்டு. அது வேண்டுமா என்பதைப் பிறகு நிதி பார்த்து முடிவு செய்வோம். ஆனால் இரண்டு பைப், இரண்டு டேங்க் என்பதை வரைபடம் போடும்போதே சொல்லிவிட வேண்டும். கட்டி முடித்தபின் சுவரை உடைப்பதென்றால் இரட்டைச் செலவு.

ஆகவே அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். எந்த வேலைக்கு எந்தத் தண்ணி என்று பட்டியல் போட்டு, தீர்மான நோட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். தண்ணியின் அருமை தெரிந்த நம்மைவிட இதைச் சரியாகச் சொல்ல யார் இருக்கிறார்கள்?