இருக்கைக்கான சச்சரவும் பேருந்துக்கான போராட்டமும்

(புனே நகரத் தமிழ்த் தோழர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பேருந்தில் பயணிகள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கட்சிக் கூட்டத்தில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பேருந்தில் யார் ஏறலாம், யார் அமரலாம் என்பது என்றைக்குமே அரசியல் கேள்விதான். தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்து முதலாளிகளின் உரிமம் ரத்தாகும் என்று, இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் உத்தரவிட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் 1955 டிசம்பர் 1 அன்று, வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்துகளைப் புறக்கணித்து வென்றனர்.

இன்று புனேயில் நிலைமை என்ன? புனே, பிம்ப்ரி-சின்ச்வட் ஆகிய இரு நகரங்களின் போக்குவரத்து அமைப்புகள் 2007இல் இணைக்கப்பட்டு, பி.எம்.பி.எம்.எல். உருவானது. 2025 ஜூன் முதல் அதன் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாதாந்திரப் பயண அட்டை 900 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயானது. ஆனால் காலை நேரத்தில் நெரிசல் குறையவில்லை. நடத்துநர் “புடே சலா” என்று முன்னே நகரச் சொல்கிறார், நகர இடமில்லை. அங்கேதான் சச்சரவு மூள்கிறது. பயணி நடத்துநரை ஏசுகிறார். மராத்தி பேசும் தொழிலாளியும் தமிழ் பேசும் தொழிலாளியும் ஓர் இருக்கைக்காக மோதிக்கொள்கிறார்கள். பற்றாக்குறையை உண்டாக்கியவர்களோ அந்தப் பேருந்தில் பயணம் செய்வதே இல்லை.

இதைச் சொல்லி நம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. பெண்களுக்கும் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கப்பட்ட இருக்கையில் அமர்ந்துகொண்டு உறங்குவதுபோல் பாவனை செய்பவர், பிறர் உரிமையைப் பறிக்கிறார். கூட்டத்தைச் சாக்காக வைத்துப் பெண்களைச் சீண்டுவது குற்றம். அதைக் கண்டும் வாய்மூடி நிற்பது அதற்குத் துணைபோவதாகும். வாசலை மறிக்காமல் நிற்பதும், முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வதும், கைப்பேசியில் பாட்டை அலறவிடாமல் இருப்பதும் சக உழைப்பாளிக்கு நாம் தரும் மரியாதை. கட்சி உறுப்பினர் இதில் முன்மாதிரியாக இருக்க வேண்டும்.

அதே நேரத்தில், நல்லொழுக்கம் மட்டுமே பேருந்தின் எண்ணிக்கையைக் கூட்டிவிடாது. தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரத்தில் தளம் கொண்ட பேருந்தில் ஏற முழங்கால் வலியுள்ள மூதாட்டி தவிக்கிறார். 400 மில்லிமீட்டர் தாழ்தளப் பேருந்தில் ஒரே எட்டில் ஏறிவிடுவார். எனவே கூடுதல் பேருந்துகள், தாழ்தளப் பேருந்துகள், கட்டண உயர்வு ரத்து ஆகிய கோரிக்கைகளை முன்வைப்போம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கிறார்கள். அந்த உரிமை புனே நகரப் பேருந்துகளிலும் வேண்டும்.

ஓட்டுநரும் நடத்துநரும் நம் வர்க்கத்தினர். அவர்களையும் பயணிகளையும் ஒரே அணியில் திரட்டுவோம். பேருந்துக்குள் ஒருவருக்கொருவர் இடம் கொடுப்போம். பேருந்துக்காக ஒன்றுபட்டுத் தெருவில் இறங்குவோம்.