முதல் மூச்சு

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்தளவே கிடைத்த காலம். வெங்காயத் தறை வாடிக்கொண்டிருந்தது. எங்கள் பழைய நீரிறைக்கும் இயந்திரமோ, கயிற்றை எத்தனை தரம் இழுத்தும் இயங்க மறுத்தது. நான் ஏசினேன்.

ஐயா ஏசவில்லை. பிளக்கைக் கழற்றினார். மண்ணெண்ணெயில் நனைந்து, கரி பிடித்திருந்தது. துடைத்து உலர்த்தி, இயந்திரத்தின் உடலில் முட்டவைத்துக் கயிற்றை இழுக்கச் சொன்னார். நீலப் பொறி தெறித்தது.

"நெருப்பிலை பிழையில்லை. மண்ணெண்ணெய் சூடேறினால்தான் ஆவியாகும். முதல் மூச்சுக்குப் பெற்றோல் வேணும், தம்பி."

பிளக்கைப் பூட்டி, மருந்துப் போத்தலில் பொத்திவைத்திருந்த சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டார். ஒரே இழுவை. இயந்திரம் இரைந்தது, வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

இன்றும் ஏதாவது இயங்க மறுத்தால் நான் ஏசுவதில்லை. எது குறைகிறது என்றே தேடுகிறேன்.