பழங்கடதாசிக் காவல்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நமது பகுதியின் பழம் பத்திரங்களையும் புகைப்படங்களையும் ஒன்றுசேர்த்துக் காக்கும் பொறுப்பை இவ்வாண்டு தம்பி ஒருவரிடமும் தங்கை ஒருவரிடமும் சங்கம் ஒப்புவித்திருக்கிறது. இருவரும் தொழிலுக்குப் புதியவர்கள். அவர்கள் என்னிடம் ஓயாது கேட்பது இதுதான்: "ஐயா, எதை வைப்பது? எதை விடுவது?" நியாயமான பயம். எறிந்த கடதாசியை மறுநாள் தேடி எடுக்க முடியாதல்லவா?

மறிச்சுக்கட்டியைப் பற்றிப் பேசுகிறவன் உதாரணத்துக்குத் தூரம் போகவேண்டியதில்லை. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது இக்கரையிலே ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டினமே எழுந்தது. கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், அரபு நாடு முதலிய இடங்களிலிருந்து குளிகாரர் வந்தனர். சிப்பி எண்ணி மூன்று கூறாக்கப்பட்டது. ஒரு கூறு குளிகாரருக்கு. இரண்டு கூறு அரசினருக்கு. இவையெல்லாம் கணக்கில் ஏறின. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொன்ன கடற்கட்டிக்குக் கொடுத்த கூலியும் அரசாங்கத்தார் கவனத்துக்குத் தப்பவில்லை!

ஆனால் நான் சொல்லவந்தது அந்தப் பெருங்கணக்கை அன்று. 1891க்குப் பின்னர் 1903 வரையில் இலங்கையில் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. காரணம் காண 1902இல் லிவர்பூல் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹேர்ட்மன் வரவழைக்கப்பட்டார். அவர் கடலடியை ஆராய்ந்ததோடு, முத்துப்பார்களை வருடாவருடம் பரிசோதித்தவர்களின் பழைய குறிப்புக்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தார். "பெரிய பாரில் இளஞ்சிப்பி நிறைய உண்டு" என்பது ஒரு பரிசோதனையின் செய்தி. "சிப்பி இல்லை" என்பது அடுத்ததின் செய்தி. இப்படி 1880 முதல் குறைந்தது 11 தடவை அப்பாரில் இளஞ்சிப்பி குடியேறியும், ஒரு தடவையாவது குளிப்புக்கு உதவவில்லை என்பது அப்பொழுதுதான் தெளிவாயிற்று. தென்மேற்குப் பருவக்காற்றின் அலை அந்த இடத்தைத் தாக்குகிறது; ஆகவே இளஞ்சிப்பியை அள்ளிப் பாதுகாப்பான வேறு பாருக்கு மாற்றவேண்டும் என்று அவர் யோசனை கூறினார்.

"சிப்பி இல்லை" என்ற குறிப்பை, இலாபமற்றது என்று ஒரு குமாஸ்தா அடுப்பில் இட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? தம்பி, தங்கை, இதனைக் கவனியுங்கள். திருவிழா நடந்த வருடத்து நோட்டீசை எல்லாரும் வைத்திருப்பார்கள். நடவாத வருடத்தைப் பற்றிய ஒற்றைக் கடிதம் கிடைத்தால் அதனை விடாதீர்கள். மாணவர் வராத நாட்களைக் காட்டும் பாடசாலை இடாப்பும் அத்தகையதே.

வாசிக்கத் தெரியாததை என்ன செய்வது? 1796இல் ஒல்லாந்தர் விட்டுப்போன ஏடுகள், வாசிக்கத் தக்கவர் மிகச் சிலரேயாக, நூறாண்டுக்கு மேல் கிடந்தன. காலியிற் பிறந்த அந்தனிஸ் என்பவர் அரசாங்கச் சுவடிகாப்பாளராகி, 1907இல் அவ்வேடுகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். யாழ்ப்பாணத்துக் கொமாண்டர் சுவார்டக்குரோன் 1697இல் எழுதிவைத்த குறிப்பு, சோபியா பீற்றர்ஸ் அம்மையாரின் மொழிபெயர்ப்பாக 1911இல் வந்தது. நம்மிடம் அரபுத்தமிழ்க் கடிதம் வரலாம். கிரந்த ஏடும் வரலாம். வந்த கட்டைக் கலைக்காமல், யார் வீட்டிலிருந்து, எந்த நாளில் வந்தது என்று மட்டும் எழுதுங்கள். வாசிப்பவர் பின்னாலே வருவார். கறையான், ஈரம் பற்றி உங்கள் பாட்டிமாருக்கு என்னைவிட அதிகம் தெரியும்.

இனிக் கடினமான விஷயம். மறிச்சுக்கட்டி மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 1990 ஒக்ரோபரில் அவர்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, பெட்டியைத் திறந்து உறுதி எடுக்கவும் அவகாசம் இருக்கவில்லை. 2007இல் சிலாவத்துறைப் பக்கம் போர் வந்தபோது தமிழ்க் குடும்பங்களும் ஓடின. திரும்பி வந்தவர்கள் "இது என் காணி" என்று சொல்லக் கடதாசி இல்லாமல் நின்றார்கள். ஆகவே நமது சேகரிப்பு ஒரு கோயிலின் அல்லது ஒரு சமயத்தாரின் சேகரிப்பாக நின்றுவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அயலவர் வீட்டுப் படலையையும் தட்டுங்கள்.

ஆனால் மிஞ்சியிருக்கும் அசலை யாரிடமும் கேட்டு வாங்காதீர்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உறுதி தொலைந்தவரிடம் நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி இவற்றுள் நினைவிலிருப்பதைக் கேட்டு எழுதுங்கள். நொத்தாரிசு இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். ஆதலால் அங்கே தேட வழியுண்டு. அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்திலே விசாரிக்க வேண்டும். காணிப் பத்திரங்களின் படங்களை உரியவர் சம்மதமின்றி எவருக்கும், சங்கத்தின் தலைவர் கேட்டாலும், காட்டலாகாது. தலைவர் என்னை மன்னிப்பாராக!

பதிவுக் கொப்பி வாசலருகே மேசையில் இருக்கிறது. பழைய கடதாசி வைத்திருப்போர் போகும்போது பெயரைக் கொடுத்துச் செல்லுங்கள். வருகிற வாரம் இருவரும் வீடுதேடி வருவார்கள்.