ஏற்றம் எவ்வளவு?

தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிடலாம். அதே கேனோடு மூன்று மாடி ஏறிப் பாருங்கள். தூரம் குறைவுதான். ஆனால் மூச்சு வாங்கும்.

மலை நடையும் அப்படித்தான். தூரம் தெரிந்தால் போதாது, ஏற்றம் தெரிய வேண்டும். அதைச் சொல்வதுதான் நல்ல வழிகாட்டிப் புத்தகம்.

இங்கிலாந்தில் ஏரி மாவட்டம் என்று ஒரு மலைப்பகுதி. அதற்கு ஏழு வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதினார் ஆல்ஃபிரட் வெயின்ரைட். முதல் புத்தகம் 1955-இல் வந்தது. கெண்டல் நகராட்சியில் கணக்கு வழக்குப் பார்த்தவர். கார் இல்லை. விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போவார், நடப்பார். வீடு திரும்பிப் படமும் எழுத்தும் கையாலேயே போடுவார். அந்தக் கையெழுத்தே அப்படியே அச்சாயிற்று! என்ன பொறுமை பாருங்கள்.

எங்கே சேறு, எங்கே செங்குத்து, எவ்வளவு ஏற்றம், எல்லாம் அந்தப் புத்தகங்களில் உண்டு. இருட்டுமுன் திரும்ப முடியுமா என்பதை முதல்நாள் இரவே கணக்குப் போட்டுவிடலாம். தூரத்தை மட்டும் பார்த்து அல்ல, ஏற்றத்தையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

வழிகாட்டிப் புத்தகம் வாங்கும்போது பதிப்பு எந்த வருடம் என்று பாருங்கள். பாதை மாறும், வேலி முளைக்கும். வெயின்ரைட்டின் புத்தகங்களையே பின்னால் திருத்த வேண்டியிருந்தது.