தேடுவார்க்குக் கிடைக்கும் பக்கம்



குடத்துள் இட்ட விளக்கும் எரியத்தான் எரிகிறது. அதற்கு எண்ணெய்க் குறைவில்லை. திரியும் நன்றாகவே இருக்கிறது. ஆயினும் வழிநடப்பவனுக்கு அதனால் யாது பயன்? இணையத்தில் இன்று எத்தனையோ நல்ல எழுத்துக்கள் இந்நிலையில்தான் இருக்கின்றன.

ஒரு கல்லூரி மாணவர்கள் தம் ஊர் ஏரியின் வரலாற்றைத் தொகுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மதகுகளின் பெயர்கள், வயல்களுக்கு நீர் பங்கிட்ட முறை, கரை உடைந்த ஆண்டில் ஊரார் பட்ட பாடு ஆகியவற்றையெல்லாம் முதிய நீர்க்கட்டி ஒருவரிடம் கேட்டு எழுதுகிறார்கள். எழுதிய தாள்களைப் படம் எடுத்து, ஓர் இணையத்தளம் அமைத்து, அதில் ஏற்றிவிடுகிறார்கள். சில ஆண்டுகள் செல்கின்றன, அம்முதியவரும் மறைந்துவிடுகிறார். அப்போது பக்கத்து ஊர் மாணவி ஒருத்தி அந்த ஏரியைப் பற்றித் தேடுகிறாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஏரியைப் பற்றி எவரும் எழுதவில்லை என்றே அவள் முடிவு செய்கிறாள். இருந்த செய்தி இல்லாத செய்தி ஆயிற்று!

இப்படி நேர்வது ஏன்? தேடுபொறி, நாம் கேட்ட பிறகு உலகமெல்லாம் ஓடித் தேடுவதில்லை. அது முன்னரே ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்கு இணைப்புக்களைப் பற்றிச் சென்று, கண்டவற்றைப் படித்து, சொல்லடைவு ஒன்றைத் தொகுத்து வைத்திருக்கிறது. நாம் கேட்கும்போது அந்த அடைவைப் புரட்டிப் பார்த்து, பொருத்தமானவற்றை வரிசைப்படுத்தித் தருகிறது. அடைவில் ஏறாத பக்கம் விடையில் வாராது.

நூலகத்திலும் இதுதானே முறை? பட்டியலில் பதியாத நூல் அடுக்கில் இருந்தும் பயனில்லை. சீர்காழியிலே பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அரங்கநாதன் அவர்கள், 1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். படிப்பவரின் காலம் வீணாகாமல் காப்பதும் அவற்றுள் ஒன்று. இணையத்தளம் அமைப்போர்க்கும் அவ்விதி பொருந்தும்.

அம்மாணவர்கள் செய்யத் தவறியவை எவை என்று காண்போம்.

முதலாவது, எழுத்தை எழுத்தாகவே தருதல். படத்துக்குள் இருக்கும் எழுத்தை இயந்திரம் சில வேளைகளில் படித்தறியும். ஆனால் அதை நம்பியிருத்தல் ஆகாது. தமிழில் இந்த இடர் ஒருகாலத்தில் இன்னும் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கைக்கொண்டதால், ஒன்றில் 'அ' என்று காணும் எழுத்து மற்றொன்றில் வேறொன்றாகத் தோன்றிற்று. 1991-இல் வெளிவந்த முதல் யூனிகோடு தொகுப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், பழைய முறைகள் மறைய நெடுங்காலம் ஆயிற்று. அம்முறைகளில் ஏற்றப்பெற்றவற்றை யூனிகோடுக்கு மாற்றினாலன்றி, இன்று தமிழில் தட்டச்சுச் செய்து தேடுபவர்க்கு அவை எளிதில் அகப்படா.

இரண்டாவது, வழி அமைத்தல். தளத்தின் ஒவ்வொரு பக்கத்திற்கும் வேறொரு பக்கத்திலிருந்து இணைப்பு இருத்தல் வேண்டும். 'சைட்மேப்' என்னும் பக்கப் பட்டியலையும் சேர்த்தால் நன்று. தேடுபொறி எங்கே வரலாம், எங்கே வரலாகாது என்று சொல்லும் சிறு கோப்பு ஒன்றும் உண்டு. அதற்கு 'ரோபாட்ஸ்' கோப்பு என்று பெயர். தளத்தைக் கட்டும்போது 'வாராதே' என்று எழுதி வைத்து, திறந்த பிறகும் அதை நீக்க மறந்துவிடுவோர் உளர். கடையைத் திறந்துவிட்டுக் கதவில் 'விடுமுறை' என்ற பலகையை மாட்டி வைப்பது போன்றது இது.

மூன்றாவது, பெயரிடுதல். பத்துப் பக்கங்களுக்கும் 'முகப்பு' என்றே தலைப்பிட்டால், எதில் எது இருக்கிறது என்று யார் அறிவார்? ஏரியின் பெயர், ஊரின் பெயர், பக்கத்தின் பொருள் ஆகியவை தலைப்பிலே தெரிய வேண்டும்.

இவை இயந்திரத்தின் பொருட்டுச் செய்பவை. இனி, மனிதர் பொருட்டுச் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். தேடிவரும் மாணவியின் கையில் இருப்பது பெரும்பாலும் கைப்பேசியே. அதன் சிறு திரையில் எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும். படங்களின் அளவைக் குறைத்தால் பக்கம் விரைந்து திறக்கும். கூகிள் நிறுவனம் 2020-இல் இதற்குச் சில அளவுகோல்களை அறிவித்தது. பக்கத்தில் முதலில் தோன்றும் பெரும்பகுதி 2.5 விநாடிக்குள் கண்ணிற்படல் வேண்டும் என்பது ஒன்று. படிக்கும்போதே வரிகள் இடம்பெயர்ந்து, தொட நினைத்தது ஒன்று, தொட்டது மற்றொன்று என்று ஆதல் கூடாது என்பது மற்றொன்று. 2021 முதல் இவற்றை வரிசைப்படுத்துதலிலும் அது கருத்திற்கொள்கிறது. ஆயினும் விரைவு ஒன்றே ஒரு பக்கத்தை முன்னிறுத்திவிடாது. கேட்ட பொருளுக்கு ஏற்ற விடை அதில் இருத்தலே தலையாயது.

குறுக்கு வழி தேடுவோரும் இருக்கிறார்கள். ஒரே சொல்லை நூறு முறை எழுதுவார்கள்; வெண்மைமேல் வெண்மையாக எழுத்தை மறைத்து வைப்பார்கள்; இணைப்புக்களை விலைக்கு வாங்குவார்கள். 1998-இல் கூகிளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரினும், ஆராய்ச்சியாளர் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டும் வழக்கத்தை மனத்திற்கொண்டு, பிற பக்கங்கள் சுட்டுவதை ஒரு பக்கத்தின் மதிப்புக்கு அளவாகக் கொண்டனர். விலைக்கு வாங்கிய மேற்கோள் மதிப்பாகுமா? அத்தகைய சூழ்ச்சிகளைக் கண்டறிந்து, அவற்றைச் செய்யும் தளங்களைத் தேடுபொறிகள் பின்னுக்குத் தள்ளுகின்றன.

நண்பர்களே, அந்த மாணவர்கள் இன்றும் தம் தளத்தைத் திருத்தலாம். தாள்களில் உள்ளதை யூனிகோடில் தட்டச்சுச் செய்து, மதகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வகுத்து, தெளிவாகத் தலைப்பிட்டு, ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் போதும். சில நாட்களிலோ வாரங்களிலோ தேடுபொறி வந்து படித்துச் செல்லக்கூடும். அதன்பின் தேடுகின்ற மாணவிக்கு, மறைந்துவிட்ட நீர்க்கட்டியின் சொல் கிடைக்கும்.

நீங்களும் உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள். எழுதியபின், உங்களை அறியாத ஒருவர் அதைத் தேடினால் அவருக்குக் கிடைக்குமா என்று நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். விளக்கை ஏற்றுவதோடு நம் கடமை முடிவதில்லை; அதைக் குடத்திலிருந்து எடுத்துக் குன்றின்மேல் வைத்தலும் நம் கடமையே.